எதிர் நாற்காலி

மாலை வெயில் திரைச்சீலையில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எதிர் நாற்காலியிலிருந்து கேள்வி வந்தது.

"காலேஜ்ல இந்த வேலைவாய்ப்பு மையத்தை நாங்க ஏன் மூடக் கூடாது?"

மையத்தின் பொறுப்பாளர் தடுமாறினாள். "பசங்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுக்கிறோம் சார்..."

"அதனால என்ன பிரயோஜனம்? கண்ணால பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டுங்க."

அவள் பார்வை தரைக்கு இறங்கியது.

"மேடம், தரையைப் பார்க்காதீங்க. நாளைக்கு நிஜ பிரின்சிபால் இதைவிடக் குடைவார்" என்று சிரித்தாள், எதிரே பிரின்சிபாலாக நடித்துக்கொண்டிருந்த மாணவி. போன வருஷம் இதே அறையில், முதல் இன்டர்வியூ பயிற்சியில், பேரைக் கேட்டதற்கே அழுதவள்.

பொறுப்பாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீயும் என்கூட வாம்மா. அவர்கிட்ட உன் பேரை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன்."