நாற்பத்தேழாம் நோயாளி

ஐந்தாவது முறையாக டாக்டரின் அறைக் கதவைத் தட்டியபோது நர்ஸுக்குப் பொறுமை போயே போயிருந்தது.

ஒன்பது மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ரோபோ வைத்து ஆபரேஷன் செய்து அந்தப் பையையே எடுத்துவிட்டவர்கள், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் வேலை.

மற்ற எட்டு இடங்களும் படிவங்களை அனுப்பிவிட்டன. இங்கே மட்டும் நாற்பத்தேழாம் நோயாளியின் படிவம் காலியாகக் கிடந்தது.

அந்த ஆளுக்கு ஆபரேஷன் நடந்தது வேறொரு மருத்துவமனையில். பிறகு பார்த்துக்கொள்வது மட்டும் இங்கே. பெயரும் போன் நம்பரும் டாக்டரிடம்தான். தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். மூன்று மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயாளிகள் கூடச் சொன்ன நேரத்துக்குப் போனை எடுத்தார்கள். இவர் பின்னால்தான் நாயாய் அலைய வேண்டியிருந்தது.

ஆய்வுத் தலைவி காலையில் அவளைப் பிடி பிடியென்று பிடித்திருந்தார். மாலைக்குள் வராவிட்டால் நாற்பத்தேழை நீக்கிவிடுவார்களாம். ஒரு வருடம் அந்த ஆள் பட்டதெல்லாம் எதிலும் சேராமல் போய்விடும்.

"ஒரு போன் பண்ண மூணு மாசமா சார்? அந்த மனுஷன் என்ன பாடு படுறாரோ. உங்களுக்கு அவர் வெறும் நம்பர்."

சொன்ன பிறகுதான் வாய் நீண்டுவிட்டதோ என்று உறைத்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார்.

போனை எடுப்பார் என்று பார்த்தாள். எடுக்கவில்லை.

கடுகடுவென்று முதல் கேள்வியைப் படித்தாள். சிறுநீர் சேர வயிற்றின்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பையை மாற்ற யாராவது உதவ வேண்டியிருக்கிறதா?

வேண்டியதில்லை என்றார் டாக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியைக் கேட்காமலே வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரே. பேனாவைக் கீழே வைத்தாள்.

எழுதுங்கள் என்றார், மெதுவாக.

பை கசியுமோ என்ற பயத்தில் தூக்கம் கெடுகிறதா?

ஆமாம் என்றார். கொஞ்சம் யோசித்து, தினமும் என்று திருத்தினார்.

பேனா பாதியில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து அடுத்த கேள்விக்கு வந்தாள். தாழ்ந்த குரலில் படித்தாள். உடன் வேலை செய்பவர்களுக்கு இது தெரியுமா?

"இப்ப ஒருத்தருக்குத் தெரியும், சிஸ்டர்."