ஒரு வாக்குமூலம் சரிபார்க்கப்பட்ட விதம்

தையல்காரர் தானாக வந்து ஒப்புக்கொண்டதுதான் ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை.

கொலை நடந்து மூன்றாம் நாள். காலை பத்து மணிக்கே மேசைமுன் வந்து நின்று, மருமகனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றால் எப்படி?

கேட்காமல் கிடைத்த வாக்குமூலத்துக்கு அந்த நிலையத்தில் மரியாதை கிடையாது. அதை 'வெரிஃபை' செய்தாக வேண்டும்.

அந்தச் சொல்லின்மேல் ஆய்வாளருக்குத் தனிப் பிரியம். ஆங்கில இலக்கியம் படித்தவர். பயிற்சி வகுப்பில் அதன் பிறப்பு வளர்ப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி வாங்கிய கேடயம் அவர் தலைக்குமேல் தொங்கியது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சரிபார்க்கிறதுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க பெரியவரே. லத்தீன்ல போய்ப் பாத்தா, உண்மையா ஆக்குறதுன்னு அர்த்தம். ஆக்கிடுவோமா?"

தையல்காரரின் வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தார்கள். லத்தியை ஆய்வாளரே எடுத்தார். நுணுக்கமான வேலையை அவர் பிறரிடம் விடுவதில்லை.

எதனால் அடித்தாய்?

கத்தரிக்கோல் என்றார் தையல்காரர். லத்தி இறங்கியது. விறகுக்கட்டை என்றார். மறுபடி இறங்கியது. கட்டைவிரல் நகம் பிய்ந்து தொங்கியது.

இஸ்திரிப்பெட்டி என்றார்.

லத்தி இறங்கவில்லை. ஏட்டு எழுதிக்கொண்டார்.

எங்கே அடித்தாய்? நெற்றியில் என்றதற்கு முன்பற்கள் இரண்டு போயின. பின்மண்டையில் என்றதும் ஆய்வாளர் தண்ணீர் குடிக்கப் போனார்.

இதற்குள் தையல்காரருக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது. அவர் படித்த பள்ளிக்கூடத்திலும் இதே முறைதான்.

அடிபட அடிபட ஆளுக்கு ஞாபகம் எப்படித் தெளிகிறது பார் என்று ஏட்டிடம் பெருமைப்பட்டார் ஆய்வாளர்.

எத்தனை அடி?

ஒன்று என்றார். சுட்டுவிரல் போயிற்று. இரண்டு என்றார். நடுவிரல். மூன்று என்றபோது மோதிரவிரல் ஒடிந்த சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. இனி ஊசி பிடிக்கச் சுண்டுவிரல்தான் மிச்சம்.

நாலு என்றார்.

லத்தி மேசையில் படுத்தது.

அப்போதுதான் அவர் அழுதார். அதுவரை முனகியதோடு சரி. இப்போது நாலா, நாலா என்று தன்னையே கேட்டுக்கொண்டு விம்மினார். குற்ற உணர்ச்சி என்று எழுதச் சொன்னார் ஆய்வாளர்.

வாக்குமூலத்தையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இம்மி பிசகவில்லை. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான உண்மையை நான் பார்த்ததில்லை என்றார் ஆய்வாளர். கையெழுத்துக்குக் கை இல்லாததால் இடது பெருவிரலை மையில் உருட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சலுகையும் கிடைத்தது. வாசலில் காத்திருந்த மகளை இரண்டு நிமிடம் பார்க்கலாம்.

உள்ளே வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருஷன் உயிரோடிருந்தபோது வாங்கிய வீக்கம்.

அப்பா என்று வாயெடுத்தவளை அமர்த்திவிட்டு, பல் போன வாயை அவள் காதருகே கொண்டுபோனார்.

"சீக்கிரம் சொல்லும்மா. அன்னிக்கு வர்றப்ப கதவ வெளிய பூட்டுனியா, சும்மா சாத்திட்டு வந்தியா? இவரு அத கேக்கவே இல்ல. கோர்ட்ல கேப்பாங்க."