ஐம்பதுக்கு இருபத்தாறு

"இந்த பீருக்கு நாப்பத்திநாலு மார்க்குக்கு ஒண்ணு குறைச்சுப் போட்டாக்கூட என் நாக்கு அழுகிப் போயிடும், மர்டோ!"

சொல்லிவிட்டு ஐல்சா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தாள்.

டுனெடின் நகரத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் போட்டி. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஓட்ஸ் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பிரிவுக்கு அவளும் மர்டோவும் நடுவர்கள். மேசைக்கு வருகிற கோப்பைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இது முப்பத்தொன்று. காலையிலிருந்து ருசி பார்த்ததில் ஒன்பதாவது என்பதால் ஐல்சாவுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது.

மர்டோ தன் தாளைத் திருப்பிக் காட்டினான். ஐம்பதுக்கு இருபத்தாறு.

"அடப்பாவி! பீரைத்தான் குடிச்சியா, இல்ல வாய் கொப்பளிச்ச தண்ணியக் குடிச்சிட்டியா?"

"மரம் தூக்கலா இருக்கு. புது பெஞ்சை நக்கின மாதிரி. அதுக்கு மேல இந்த வென்னிலா வாசனை. பீர் கேட்டா ஐஸ்கிரீம் குடுக்கறான்."

"நுரையைப் பாரு, எவ்வளவு நேரமா நிக்குது!"

"நுரையை நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஓட்ஸ்? கஞ்சி மாதிரி வழவழன்னு இறங்குது. நான் மாட்டு டாக்டர். கொட்டற மழையில கன்னுக்குட்டியை இழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து நிக்கறப்ப, இப்படி ஒரு கோப்பையைக் கையில குடுக்கறவனை அங்கயே கல்யாணம் பண்ணிக்குவேன்."

"உன் புருஷன்கிட்ட சொல்றேன்."

"சொல்லேன். அவனும் ஒரு மடக்கு குடிச்சான்னா, எனக்கு முன்னாடி அவன் போய் மோதிரம் மாத்திக்குவான்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போட்டியை நடத்தும் வைரெமு வந்து நின்றார்.

"ரெண்டு பேர் மார்க்குக்கும் ஏழுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. விதி தெரியும்ல? பேசி முடிங்க. அடிச்சுக்கறதா இருந்தா வெளியில போய் அடிச்சுக்கங்க, கோப்பையெல்லாம் சங்கத்துக் காசு."

வித்தியாசம் பதினெட்டு.

மர்டோ பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன். இம்மி பிசகினாலும் அவன் காது கண்டுபிடித்துவிடும். நாக்கும் அப்படித்தான் என்று ஊரில் பேர். இருபது வருடமாக வீட்டுக் கொட்டகையில் பீர் காய்ச்சுகிறான். ஒரு புட்டிகூடப் போட்டிக்கு அனுப்பியதில்லை.

"நீ ஒரு தடவை அனுப்பிப் பாரு. அப்பத் தெரியும் வலி," என்றாள் ஐல்சா.

"சரியா வரட்டும், அனுப்பறேன்."

"உனக்கு எதுதான் சரியா வந்திருக்கு? உன் கல்யாணத்துல சர்ச் மணியே சுருதி சேரலைன்னு சொன்னவன் நீ."

"சேரலையே!"

ஐல்சா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தாள்.

"விளையாட்டு போதும், மர்டோ. நீ இருபத்தாறு போட்டா இது இந்த மேசையோட போச்சு. ஜெயிச்சா, வசந்தத்துல இந்த ஊர்ல இருக்கற அத்தனை பப்லயும் இதை ஊத்துவாங்க. யாரோ மாசக்கணக்கா காத்துக்கிடந்து அனுப்பியிருக்காங்க. கோப்பையை உள்ளங்கையில வெச்சுக் கொஞ்சம் சூடாக்கு. குறை தேடாம ஒரே ஒரு தடவை குடி."

மர்டோ முணுமுணுத்துக்கொண்டே கோப்பையைக் கையில் பொத்திக்கொண்டான். ஒரு மிடறு குடித்தான். கருகின ரொட்டியின் ஓரம். கறுத்த பிளம் பழம். எல்லாம் அடங்கின பிறகு மெல்ல எழும்பி வருகிற மரம். பேனாவை எடுத்தான், வைத்தான். இன்னொரு மிடறு. அப்புறம் இன்னொன்று.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே. சரிபார்க்கறேன்."

"எதை? கோப்பை காலி."

குனிந்து பார்த்தான். காலிதான். அவன் காது இரண்டும் சிவந்துபோயின. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்ததில், எதிர் மேசை நடுவருக்குப் புரையேறியது.

"பாழாப் போறது, முப்பத்தேழு! இதுக்கு மேல ஒரு மார்க் கேட்டே, எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஏழு வித்தியாசம். போதும்டா, தங்கமே!"

இறுதிச் சுற்றை வேறு மூன்று நடுவர்கள் பார்த்தார்கள். ஐந்து மணிக்கு வைரெமு நாற்காலி மேல் ஏறி நின்றார். இத்தனை குடித்த மர்டோவைக் காரில் கூட்டிப்போக வந்திருந்த அவன் மனைவி லோர்னா, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள்.

"முதல் பரிசு முப்பத்தொண்ணாம் நம்பர்!"

ஐல்சா துள்ளிக் குதித்து மர்டோவின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "பாத்தியா? என் நாக்கு நாக்குதான்!"

வைரெமு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "அனுப்பினவங்க... லோர்னா கில்ரே!"

கூடம் கைதட்டியது. மர்டோ வாயைப் பிளந்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவியிடம் போனான்.

"லோர்னா! நீ எப்ப பீர் காய்ச்சினே?"

"நான் எங்க காய்ச்சினேன்?" என்றபடி அவள் கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். "ஈஸ்டர் அன்னிக்கு ஒரு வாய் குடிச்சுட்டு, ஒண்ணுக்கும் ஆகாது, கொட்டிடுன்னு சொல்லிட்டுப் போனியே, அந்தப் பீப்பாய்தான். காய்ச்சினது நீ, காப்பாத்தினது நான்."