தாய்மாமன் மடி

செவ்வாயைத் தாண்டி, வியாழனுக்கு இந்தப் பக்கம் சுற்றுகிற அந்தப் பெரிய குறுங்கோள், ஆயிரம் கரிச்சட்டிகளை அடுக்கிவைத்தாலும் தோற்றுப்போகிற கறுப்பு. அதைத் தோண்டப் போன ஒச்சப்பன் தன் நிழலையே அங்கே தொலைத்துவிட்டான் என்று உசிலம்பட்டியில் சொல்வார்கள்.

அங்கிருந்து ஒரு வார்த்தை வீடு வந்து சேர கால்மணி நேரமாவது ஆகும். அதனால் ஒச்சப்பனின் முகமும் குரலும் கொண்ட ஓர் இயந்திரத்தைச் சுரங்கக் கம்பெனி அவன் தங்கச்சி மூக்கம்மாள் வீட்டில் வைத்தது. கிளம்புமுன் அவனே அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தான். “யாரு வந்தாலும் சாப்பிடாம அனுப்பிறாதடா” என்று சொல்லிச் சொல்லி அதன் காதையே தேய்த்துவிட்டான்.

அவன் போனபிறகு பிறந்த தங்கச்சி மகளுக்குக் காது குத்து என்றதும் வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சீர்த்தட்டோடு பந்தலில் உட்கார்ந்து மடியைத் தட்டினான். முடி கொட்டி, வெளிறிப்போன அந்த முகத்தைப் பார்த்துக் குழந்தை ஏழு ஊருக்குக் கேட்க அலறியது. “எங்க மாமா அங்க இருக்கு!” என்று ஓடிப்போய் இயந்திரத்தின் மடியில் ஏறிக்கொண்டது.

“கோவிச்சுக்கிறாதண்ணே,” என்றாள் மூக்கம்மாள். “அழுகுற புள்ளைக்கு எப்படிக் குத்துறது? அது மடியிலயே இருக்கட்டும்.”

ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை சிணுங்கக்கூட இல்லை. அதன் தலையை வருடிக்கொண்டே இயந்திரம், ஓரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனை நிமிர்ந்து பார்த்தது.

“வாங்கண்ணே, யாருன்னு தெரியல. நம்ம வீட்டு விசேஷம். சாப்பிடாமப் போயிறாதீங்க,” என்றது, அவன் குரலிலேயே.