முக்காடு

மொட்டைமாடி வெயிலில் பெண் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். காற்றில் தூசியை அளக்க அரசாங்கம் வைத்த கருவி பாலித்தீன் உறைக்குள் முக்காடு போட்டு முனகிக்கொண்டிருக்கிறது. எதிரே ஆலைப் புகைபோக்கி கரியைக் கக்குகிறது. கைப்பிடிச் சுவரைத் தொட்ட விரல் கறுத்துவிட்டது. "யாருங்க இதை மூடினது?" "நான்தான் மேடம். கண்ணு மாதிரி பாத்துக்கோங்கன்னு நீங்கதானே சொன்னீங்க! பாருங்க, ஒரு பொட்டுத் தூசி இல்ல" என்கிறார் காவலாளி, பூரிப்போடு. "அதான் இந்த ஏரியா காத்து சுத்தம்னு மேலிடம் என்னைப் பாராட்டிச்சா!" பல்லைக் கடித்தபடி கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள், முடிச்சு இன்னும் இறுகுகிறது. "விடுங்க, நான் அவுக்கறேன்" என்று குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார், நிறுத்தாமல் இருமுகிறார். வாயைத் துடைத்த துண்டில் கறுப்பாகக் கறை. "மெஷினுக்கு ஒண்ணும் ஆகல மேடம்" என்கிறார்.