வகுபட்டவள்

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத முந்நூறு இலக்கப் பகா எண் என்று நம்பி ஓர் எண்ணைத்தான் ஜெசிந்தாவுக்குப் பிறந்த அன்றே அடையாளமாகக் கொடுத்திருந்தார்கள். இன்று காலை நடந்த சோதனையில் அது வகுபட்டுவிட்டது. மகள் காய்ச்சலில் கிடந்த ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"உங்க நம்பர் செல்லாதும்மா. கணக்குப்படி நீங்க ஆளே இல்ல," என்றார் காவலர்.

"உள்ள இருக்கிறவரு என் வீட்டுக்காரருதான். கேட்டுப் பாருங்க."

காவலர் திரும்பினார். "சார், இவங்க உங்க சம்சாரமா? ஆமான்னா உங்க நம்பரையும் பாப்பா நம்பரையும் சோதிக்கணும். வகுபட்டா நீங்களும் வெளியதான்."

அருள்தாஸ் மகளை இறுக அணைத்துக்கொண்டான். "யாருன்னு தெரியல சார்."

குழந்தை கண்ணாடியை நோக்கிக் கைநீட்டி, "அம்மா" என்று வீறிட்டது.

காவலர் ஜெசிந்தாவை உற்றுப் பார்த்தார்.

"காய்ச்சல்ல உளறுது சார்," என்றாள் அவள்.