ஒரு எழுத்து விடாம

“அவரு அஞ்சு நிமிஷம் பேசினாரு. நீ ஒரே ஒரு வரி சொன்ன. மீதியெல்லாம் எங்கப்பா? மைக் முழுங்கிடுச்சா?”

ஆராதனை முடிஞ்சு சனமெல்லாம் போயாச்சு. காலி ஹால்ல சர்ச் செகரட்டரி இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாரு. எதிர்ல டப்பிங்.

டப்பிங்னா பட்டப்பேரு. வேற பாஷை பேசுற போதகர் யாரு வந்தாலும், பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றது அவன்தான். இன்னைக்கும் அப்படி ஒருத்தர் வந்திருந்தாரு. மத்தபடி லாட்ஜ் ரிசப்ஷன்ல நைட் டியூட்டி. டியூட்டி முடிஞ்சு நேரா இங்க வந்தவன். இது இன்னைக்கு மூணாவது ஆராதனை. கண்ணு ரெண்டும் பாதி ஷட்டர் இறக்கின கடையா இருந்துச்சு.

“அசதி ஐயா. கோர்வையா வரல.”

“அவரு தொண்டை கிழியக் கத்துறாரு. மேடையில ரெண்டு தடவை குதிச்சாரு. நீ என்னடான்னா பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி பேசுற!”

“குதிச்சதை எப்படிய்யா தமிழ்ல சொல்றது?”

“இந்த நக்கலுக்கு மட்டும் அசதி கிடையாது. சரி, முன் வரிசையில வீல் சேர் பாப்பாவோட அம்மா இருந்தாங்கள்ல? அவங்களைப் பாத்து விரலை நீட்டி, மூஞ்சி சிவக்க அஞ்சு நிமிஷம் பேசினாரு. நீ என்ன சொன்ன?”

டப்பிங் தரையைப் பாத்தான்.

“‘இந்தத் தாய் சுமக்கிறதை ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு’ன்னு சொன்னேன்.”

“அஞ்சு நிமிஷத்துக்கு அவ்வளவுதானா?”

“அவங்க பாஷை கொஞ்சம் நீளம் ஐயா.”

“உன் லாட்ஜ் வேலையெல்லாம் இங்க காட்டாதே. ரூம் நாறுதுன்னு எவனாவது கத்தினா, உன் முதலாளிகிட்ட ‘ஜன்னலைத் திறந்தா சந்தோஷப்படுவாங்க’ன்னு போய்ச் சொல்றவன்தானே நீ? தேவ செய்தியில கை வைக்கலாமா? எனக்கு மட்டும் அந்த பாஷை தெரிஞ்சிருந்தா, உன்னை மேடையிலயே பிடிச்சிருப்பேன்.”

டப்பிங் கையிலிருந்த மைக்கை ஆஃப் பண்ணான்.

“கடைசியா கேக்குறேன். அவரு நிஜமா என்ன சொன்னாரு? உள்ளதைச் சொல்லு, மைக் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அடுத்த வாரம் வேற ஆளு.”

காலேஜைப் பாதியில விட்டவன். போன இடத்துலயெல்லாம் ‘உருப்படாதவன்’னு பேர் வாங்கினவன். அவன் வாயைத் திறந்தா நாலு பேரு காது குடுத்துக் கேட்டது இந்த ஒரு மைக்குலதான்.

டப்பிங் வாயைத் திறந்தான். மூடிட்டான். மைக்கை நீட்டினான்.

“வேற ஆளையே பாத்துக்கோங்க ஐயா.”

அப்ப வாசல் பக்கம் குரல் கேட்டுச்சு.

“ஐயா, வீல் சேரைப் படியில இறக்கணும். யாராவது ஒரு கை பிடிக்கிறீங்களா?”

அந்தம்மாதான். வீல் சேர்ல பாப்பா தலை சாஞ்சு தூங்கிட்டிருந்தா.

“இரும்மா. ஊழிய விஷயம் பேசிட்டிருக்கோம்ல.”

“கேட்டுக்கிட்டுதான் நின்னேன் ஐயா. எனக்கு அந்த பாஷை தெரியும்.”

டப்பிங்குக்கு மூணு ஆராதனைத் தூக்கமும் ஒரே செகண்டுல பறந்துடுச்சு.

“உனக்கா?”

“கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருஷம் அவங்க ஊர்லதான் வேலை. ஒரு வீட்டுல பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டேன்.”

செகரட்டரி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

“அப்படிப் போடு! ஆண்டவரே சாட்சியை அனுப்பிட்டாரு. நீயே சொல்லும்மா. உன்னைப் பாத்துதானே பேசினாரு? இவன் சரியாச் சொன்னானா?”

அந்தம்மா குனிஞ்சு, மக வாயோரம் வழிஞ்சதை முந்தானையால துடைச்சாங்க. நிதானமா நிமிந்து டப்பிங்கைப் பாத்தாங்க. டப்பிங் பாக்கல.

“சொல்ல வேண்டியதை இந்தத் தம்பி ஒரு எழுத்து விடாம சொன்னாரு ஐயா.”

“அப்ப அந்த அஞ்சு நிமிஷம்?”

“போதகர் அதே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. கொஞ்சம் அழுத்தமா.”

செகரட்டரிக்கு உப்பின பலூன்ல காத்துப் போயிடுச்சு. மைக்கை டப்பிங் கையிலயே திணிச்சாரு.

“அடுத்த வாரமாவது கொஞ்சம் குதிச்சுச் சொல்லு”ன்னுட்டு, போதகர் சாப்பிடக் காத்திருப்பாருன்னு வேகமாப் போயிட்டாரு. வழியில நின்ன வீல் சேரைச் சுத்திக்கிட்டுதான் போனாரு.

டப்பிங் முன்பக்கம் பிடிச்சான். அந்தம்மா பின்பக்கம். ஏழு படி. ஒவ்வொண்ணா இறக்கினாங்க.

நாலாவது படியில அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க.

“‘இந்தப் பிள்ளை நடக்காம கிடக்கிறது, பெத்தவ மறைச்சு வச்சிருக்கிற பாவத்தால.’ இதானே தம்பி அவரு சொன்னது?”

டப்பிங் வீல் சேரை விட்டுடாம இறுக்கிப் பிடிச்சான்.

“ஆமா சிஸ்டர்.”

மீதி மூணு படியும் இறக்கினாங்க. கீழ வந்து அந்தம்மா பிரேக்கைப் போட்டு, வலிக்கிற முதுகை நிமித்தினாங்க.

“எனக்காக சர்ச்சுக்குள்ள நின்னு பொய் சொல்லிட்டீங்களே சிஸ்டர்.”

“பொய்யா?” அந்தம்மா அன்னைக்கு முதல் தடவையாச் சிரிச்சாங்க. “செகரட்டரிக்கு நானும் டப்பிங்தான் தம்பி பண்ணேன்.”